புளியமரத்தடிக் கராஜில் ஐயாவின் எம்.டி. 90

பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு வீதியால் கிழக்கே போனால், தர்மபுரம் கடந்து விசுவமடுவுக்கு முன்னால் கிரவல் ஒழுங்கை ஒன்று பிரியும் இடத்தில் பெரிய புளியமரம் நிற்கிறது. அதன் நிழலில் தகரம் வேய்ந்த கராஜ் ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை இல்லை. சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் அதைப் புளியமரத்தடிக் கராஜ் என்றே சொல்கிறார்கள். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கொட்டிலில் சாத்தி வைத்துவிட்டு, இரும்புக்காரனுக்குக் கொடுப்பதா திருத்துவதா என்று முடிவெடுக்க முடியாமல் இருப்பவர்கள் வன்னியில் பலர். அவர்களுக்குப் பயன்படலாம் என்பதால், ஐயாவின் ஹொண்டா எம்.டி. 90 ஐ 2023 தை மாதத்தில் அங்கே ஒப்படைத்து வைகாசியில் திரும்பப் பெற்றது வரையான அனுபவத்தை, நல்லதும் குறையுமாக எழுதுகிறேன்.

எம்.டி. 90 பற்றி எங்கள் ஊரில் பெரியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1958 இல் வெளிவந்த ஹொண்டா சுப்பர் கப் வகையிலிருந்து, ஜப்பானியத் தபால்காரர்கள் கடிதப் பைகளோடு நாள் முழுவதும் நின்று நின்று ஓடுவதற்காகவே உருவாக்கப்பட்ட மோட்டார் சைக்கிள் அது. தபால் சுமக்கப் பிறந்தது என்பதால்தான் அது கமக்காரனுக்கும் பொருந்தியது. முன்னாலும் பின்னாலும் கரியர் உண்டு. 14 அங்குலச் சில்லு என்பதால் சுமை தாழ்வாக நிற்கும். செயின் முழுவதும் தகரப் பெட்டிக்குள் மூடப்பட்டிருப்பதால் வாய்க்கால் சேறும் புழுதியும் அதை நேரடியாகத் தொடுவதில்லை. கைக்கிளச் கிடையாது, எஞ்சின் வேகம் ஏற ஏறத் தானாகப் பிடிக்கும் கிளச்சும் காலால் மாற்றும் மூன்று கியரும் மட்டுமே. தோளில் மண்வெட்டியைச் சாத்தி ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு ஐயா வரம்பு வழியே ஓடிவருவதை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அப்படி ஓடுவது சரியென்று சொல்லவில்லை. ஆனால் அந்த மோட்டார் சைக்கிளில் அது முடிந்தது.

போரால் மூடிக்கிடந்த யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி 2002 இல் திறந்ததற்கு அடுத்த ஆண்டு ஐயா அதைப் பழையதாகவே வாங்கினார். 2006 ஆவணியில் வீதி மீண்டும் மூடப்பட்டுப் பெற்றோல் அரிதானபோது, வன்னியில் ஓடிய மற்ற எஞ்சின்களைப் போல அதுவும் மண்ணெண்ணெய் குடிக்கத் தொடங்கியது. போரின் இடப்பெயர்வின்போது கைவிட்டதை, 2009 இல் போர் முடிந்த பின்னர் பதிவுப் புத்தகத்தைக் காட்டி மீட்டுக்கொண்டோம். அந்தப் புத்தகத்தை அம்மா தன் நகைப் பெட்டிக்குள் வைத்துக் கடைசிவரை கொண்டு திரிந்ததால் அது கிடைத்தது. பிறகு முரசுமோட்டை வயலுக்கும் வீட்டுக்குமாகச் சில ஆண்டுகள் ஓடி, புகை தாங்க முடியாத அளவுக்கு வந்ததும் கொட்டிலுக்குள் போனது. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் கியூ.ஆர். பங்கீட்டு முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்று வந்த நாள்களில்தான் அது மறுபடி நினைவுக்கு வந்தது. வாகன இறக்குமதி 2020 பங்குனியிலிருந்து நின்றிருந்ததால் புதிதாக ஒன்றை வாங்கும் நினைப்புக்கும் இடமில்லாதிருந்தது.

முதலில் நான் கொண்டுபோனது இந்தக் கராஜுக்கு அல்ல. நகரத்தில் கண்ணாடி முகப்போடு இருந்த ஒரு வேலைத்தளத்துக்கு. அங்கே இரண்டே நாளில் வேலையை முடித்துத் தந்தார்கள். பிஸ்ரனைச் சுற்றி இருக்கும் றிங் என்ற வளையம், பெற்றோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் காபரேற்றர், பிளக் எல்லாம் புதிது என்று பட்டியல் நீண்டிருந்தது, பளபளப்பும் போட்டிருந்தார்கள். ஒரு மாதத்துக்குள் அதே நீலப் புகை திரும்ப வந்தது. கேட்டபோது, பழைய மோட்டார் சைக்கிள் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். செலவான பணத்தைவிட அந்தப் பதிலே என்னை வருத்தியது. கழற்றிய சாமான்களை ஒரு பையில் கட்டித் தந்திருந்தார்கள் என்பது மட்டும் ஆறுதல். பின்னால் அந்தப் பை மிகவும் உதவியது.

புளியமரத்தடிக் கராஜின் உரிமையாளர் ஐம்பது வயதைக் கடந்தவர். ஊரில் எல்லோரும் அவரை அண்ணை என்றே கூப்பிடுவதால் நானும் அப்படியே எழுதுகிறேன். மோட்டார் சைக்கிளை இறக்கியதும் அவர் அதை ஸ்ராட் செய்து பார்க்கவில்லை. மாடு வாங்க வந்தவர் மாட்டைப் பார்ப்பதுபோலச் சுற்றிச் சுற்றி வந்தார். கிக்கரைக் கையாலேயே மெல்ல அமத்தி அழுத்தம் எப்படி இருக்கிறது என்று பார்த்தார். பிறகு பையை அவிழ்த்துப் பழைய காபரேற்றரை எடுத்துத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்தார். அதன் வாயருகே ஒரு பக்கத்தில் பயற்றங்கொட்டை அளவில் ஈயப்பொட்டு ஒன்று இருந்தது. அத்தனை ஆண்டுகளில் அதை நான் கவனித்ததே இல்லை.

“தம்பி, இது மண்ணெண்ணெயில ஓடின சைக்கிளோ?” என்று கேட்டார்.

அந்தப் பொட்டு எதை அடைத்திருந்தது என்பதை அவர்தான் விளக்கினார். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது என்பதால், காபரேற்றர் வாயில் சிறு துளையிட்டுக் குழாய் வைத்து, அதனூடாகச் சில துளி பெற்றோலைத் தெளித்து எஞ்சினைக் கிளப்பி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு விடுவார்கள். பெற்றோல் தாராளமாகக் கிடைத்ததும் துளையை ஈயத்தால் அடைத்திருக்கிறார்கள். அவர் அதோடு நிற்காமல், அதனால் எஞ்சினுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதையும் சொன்னார். எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் றிங்கைக் கடந்து கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்கிறது. நீர்த்த எண்ணெய் சிலிண்டர் சுவரைக் காக்காது. ஆகையால் தேய்மானம் றிங்கில் மட்டும் இருக்க முடியாது என்பது திறந்து பார்க்கும் முன்பே அவருடைய முடிவாக இருந்தது.

திறந்ததும் அதை எனக்கு நிரூபித்துக் காட்டினார். இந்தக் கராஜைப் பற்றி எழுதத் தூண்டியதே அந்த அரை மணி நேரம்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். முந்தைய இடத்தில் போட்ட புது றிங்கைப் பிஸ்ரனிலிருந்து கழற்றி, சிலிண்டருக்குள் தனியே வைத்து, பிஸ்ரனின் தலையால் நேராகத் தள்ளி, றிங்கின் இரு நுனிகளுக்கும் இடையே தடிப்பு அளக்கும் தகட்டை நுழைத்தார். சிலிண்டரின் அடியில், பிஸ்ரன் றிங் எட்டாத இடத்தில், இடைவெளி 0.30 மில்லிமீற்றர் இருந்தது. மேலே, றிங் ஒவ்வொரு சுற்றிலும் உரசி நின்று திரும்பும் இடத்தில், அதே றிங் 0.85 காட்டியது. அரை மில்லிமீற்றருக்கு மேல் போனால் பாவிக்கக் கூடாது என்பது கணக்கு. றிங் ஒரு வட்டம் என்பதால் சிலிண்டரின் விட்டம் 0.1 மில்லிமீற்றர் தேய்ந்தால் றிங்கின் இடைவெளி 0.3 மில்லிமீற்றருக்கும் மேலாகக் கூடும் என்று அவர் விளக்கியபோது, பள்ளிக்கூடத்தில் படித்த பரிதிச் சூத்திரம் எனக்கு முதன்முறையாக ஒரு காரியத்துக்கு உதவியது. தேய்ந்த சிலிண்டருக்குள் எத்தனை புது றிங் போட்டாலும் புகை நிற்காது என்பதை அந்தத் தகடு எந்த வாதமும் இல்லாமல் சொல்லிவிட்டது. தேய்மானம் ஒரு பக்கமாகச் சரிந்திருந்ததால் 0.25 மில்லிமீற்றர் பெருத்த அளவுக்குக் கடைந்தால் சுவர் முழுவதும் சுத்தமாகாது என்று கருதி, வவுனியாவில் ஒரு லேத் பட்டறைக்கு அனுப்பி, 0.50 மில்லிமீற்றர் பெருத்த பிஸ்ரனுக்கு ஏற்பச் சிலிண்டரை மறுபடி கடைந்து றீபோர் செய்வித்தார். பிஸ்ரனைக் கையில் எடுத்து அளந்து பார்த்த பின்னர்தான் கடைய விடவேண்டும், மாறிச் செய்தால் இடைவெளி பிழையாகிவிடும் என்பதில் அவர் மிகக் கண்டிப்பாக இருந்தார். அதனால் கொழும்பில் உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையிலிருந்து பிஸ்ரன் பஸ்ஸில் வந்து சேரும்வரை இரண்டு வாரம் வேலை அப்படியே நின்றது. அந்தத் தாமதத்தை நான் குறையாகக் கொள்ளவில்லை.

இன்னொன்றையும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இந்த வகை எஞ்சினில் கடதாசி எண்ணெய் வடி கிடையாது. ஒரு கம்பிச் சல்லடையும், கிளச்சோடு சேர்ந்து சுழன்று அழுக்கை ஓரத்துக்கு எறியும் ஒரு கிண்ணமும்தான் எண்ணெயைச் சுத்தப்படுத்துகின்றன. வலப்பக்க மூடியைக் கழற்றினால் ஒழிய அந்தக் கிண்ணத்தை எட்ட முடியாது. எண்ணெய் மாற்றுவது மட்டுமே பராமரிப்பு என்று நினைப்பவர்கள் அதை ஆயுளுக்கும் திறப்பதில்லை. அண்ணை திறந்தபோது உள்ளே காய்ந்த பனங்களி போலக் கறுத்த பசை விளிம்பு முழுவதும் ஒட்டிக் கிடந்தது. திருப்புளி நுனியால் சுரண்டிச் சிரட்டை ஒன்றில் போட்டார். சிரட்டையில் கால்வாசிக்கு வந்தது. அதில் கொஞ்சத்தை விரலால் தேய்த்துக் காட்டினார். கறுப்புக்கு அடியில் செம்மண் நிறம் தெரிந்தது. எங்கள் கிரவல் வீதிகளின் புழுதிதான் அது. எஞ்சின் மூடிகளின் திருகாணிகளைக் கழற்றிய விதமும் எனக்குப் பிடித்தது. ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களின் நட்சத்திரத் திருகாணியின் பள்ளம் சற்று வேறு அளவானது. சாதாரண நட்சத்திரத் திருப்புளியால் திருகினால் வழுக்கித் தலை அரைபட்டுவிடும். அவரிடம் அதற்கென்றே ஒரு திருப்புளியும், சுத்தியலால் அடிக்க அடிக்கத் திரும்பும் கருவியும் இருந்தன. எல்லாத் திருகாணிகளும் தலை சிதையாமல் வெளிவந்தன.

பெற்றோல் தாங்கி இருக்கைக்கு அடியில் இருப்பதால் மழைநீர் இறங்கி உள்ளே துரு பிடித்திருந்தது. மாற்றச் சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் வினாகிரியை நிறைத்து, ஒரு பழைய செயின் துண்டையும் உள்ளே போட்டு, இரண்டு நாள் ஊறவிட்டு இடைக்கிடை குலுக்கி, பின்னர் அப்பச்சோடாக் கரைசலால் கழுவி உலர்த்தி அதையே திரும்பப் பூட்டினார். உடற்பகுதியில்தான் வேலை கடினமாக இருந்தது. இந்த வகையில் பின் மட்காட் தனியாகக் கழற்றும் தகடு அல்ல. இரும்புத் தகட்டை அழுத்திச் செய்த உடலின் பகுதியே அது. உரப்பையில் சிந்திய யூரியாவும் சேறும் உள்மடிப்பில் தங்கி அரித்த ஓட்டையை மேலால் பட்டி பூசி மறைத்தால், சுமை ஏற்றும் ஒருநாள் அது பிளக்கும். அரித்த தகட்டை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்து, புதுத் தகட்டை உள்ளிருந்து வைத்து வெல்டிங் செய்திருக்கிறார். வெளியே பார்த்தால் ஒட்டு இலேசாகத் தெரிகிறது. தெரியட்டும்.

பழைய காபரேற்றரையே அவர் திரும்பப் போட்டார். முன்பு மாற்றியிருந்த புதியது இந்த எஞ்சினின் அளவுக்கு உரியதல்ல. பழையதில் மிதவையும் ஊசியும் மாத்திரம் தேய்ந்திருந்தன. ஈயப்பொட்டை எடுத்துவிட்டு நன்றாக அடைத்துத் தரட்டுமா என்று என்னிடம் கேட்டார். காற்றுக் கசியாவிட்டால் அப்படியே இருக்கட்டும் என்றேன். சவர்க்கார நுரை பூசிப் பார்த்துக் கசிவில்லை என்று உறுதிப்படுத்திய பின் விட்டுவிட்டார். வால்வு இடைவெளியை எஞ்சின் குளிர்ந்திருக்கையில் 0.05 மில்லிமீற்றருக்கும், தீப்பொறியை உண்டாக்கும் பொயின்ற்றின் இடைவெளியை 0.35 க்கும் வைத்து, மக்னெற் சில்லில் உள்ள எஃப் குறியோடு தீப்பொறி நேரத்தைச் சரிபார்த்ததை நான் கூட இருந்து பார்த்தேன். மின்சாரம் 6 வோல்ற்தான். அதை 12 க்கு மாற்ற வேண்டாம் என்று அவர் ஆலோசனை சொன்னார். முகப்பு வெளிச்சம் மங்கல்தான் என்றாலும் இரவில் வயலுக்கு ஐயா போவதில்லை.

இனிக் குறைகள். ஆறு வாரம் என்று சொல்லப்பட்ட வேலை நான்கு மாதம் எடுத்தது. பிஸ்ரனுக்காகக் காத்திருந்த இரண்டு வாரத்தைக் கழித்தாலும் மிச்சம் அதிகம். அண்ணையும் ஒரு கமக்காரர் என்பதால் மாசி, பங்குனியில் காலபோக அறுவடை வந்ததும் கராஜைப் பூட்டிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். அதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் நான் ஐந்து முறை வீணாக அலைந்திருக்க மாட்டேன். தொலைபேசி எடுத்தாலும் பதில் இல்லை. இரண்டாவது, பெயின்ற். அதை அவர் செய்வதில்லை, வெளியே கொடுத்து வாங்குகிறார். மூலச் சிவப்பைவிட நிறம் ஒரு படி கருமையாக வந்திருக்கிறது, பின் கரியரின் கம்பிகளில் வழிந்த தடமும் இருக்கிறது. எஞ்சினுக்குள் அவ்வளவு கவனம் வைக்கும் ஒருவர் இதைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். மூன்றாவது, கணக்கு. எல்லாம் ஒரு கொப்பித் தாளில் கூட்டித் தரப்பட்டது. சாமான் விலை எது, கூலி எது என்று பிரித்துத் தரும்படி நான் கேட்ட பின்னரே எழுதித் தந்தார். மொத்தம் 118,000 ரூபாய், அதில் கூலி 35,000. அந்தக் கூலி அவருடைய உழைப்புக்குக் குறைவு என்பது என் எண்ணம். இடப்பக்க மூடியில் இரண்டாம் வாரத்தில் எண்ணெய் கசிந்தது. கொண்டுபோன அன்றே காஸ்கெற்றை மாற்றித் தந்தார், பணம் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் ஐயா எதுவும் பேசாமல் அதைச் சுற்றிப் பார்த்தார். புதுப் பெயின்ற்றைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து காபரேற்றரின் பக்கத்தில் விரலை வைத்து அந்தப் பொட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது இருக்குது” என்றார். பிறகு கிக்கரை மிதித்தார். இரண்டாவது மிதியில் கிளம்பியது. 50 கிலோ யூரியாப் பையைப் பின்னால் கட்டச் சொன்னார். புது எஞ்சினை முதல் 500 கிலோமீற்றருக்கு வருத்தக் கூடாது என்று அண்ணை சொல்லியிருந்ததை நான் நினைவூட்டியும், வாய்க்கால் கட்டால் மெதுவாகத்தான் போவேன் என்று போனார். இரண்டாம் கியரில் அது போகும் சத்தம் இரணைமடுத் தண்ணீர் பாயும் அந்தக் கட்டின் வளைவுவரை கேட்டது. அன்று பார்த்த பின்புறத்தில் புகை இல்லை. இதை எழுதும் நாள்வரையும் இல்லை. வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையிலும் முதல் தடவையிலேயே தேறியது. ஒரு லீற்றருக்கு 45 கிலோமீற்றருக்குக் குறையாமல் ஓடுகிறது.

யாருக்கு இந்தக் கராஜைச் சொல்லலாம் என்று கேட்டால், மோட்டார் சைக்கிளை வேலைக்கு வைத்திருப்பவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். கண்காட்சிக்கு வைப்பதற்காகக் குறோம் மின்னவும் ஒவ்வொரு போல்ற்றும் புதிதாக இருக்கவும் வேண்டும் என்பவர்களுக்கு இது இடமல்ல. அந்த வேலையை அவர் விரும்புவதும் இல்லை, ஏற்பதும் இல்லை. அவசரத்தில் இருப்பவர்களுக்கும் பொருந்தாது. உங்கள் மோட்டார் சைக்கிளில் எது இன்னும் உழைக்கும், எது உழைக்காது என்பதை அளந்து காட்டி, உழைப்பதை உங்களிடமே திருப்பித் தரும் ஒருவர் வேண்டுமென்றால் போகலாம்.

போகிறவர்கள் பதிவுப் புத்தகத்தைக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும். எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் அதில் உள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்க்காமல் அவர் ஒரு திருகாணியையும் தொடுவதில்லை. முன்பு எங்காவது கழற்றிய பழைய சாமான்கள் இருந்தால், உடைந்தவையானாலும் எறியாமல் அவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு கராஜ் பூட்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை விதைப்புக் காலத்திலும் மாசி, பங்குனி அறுவடைக் காலத்திலும் போகாதீர்கள். சித்திரை கழிந்து வைகாசியில் கொடுத்தால், ஆவணிக்குள் கைக்கு வந்துவிடும்.